நம்பிக்கையாலா, நம்பிக்கையிலா?

பவுல் அடிகள் உரோமாபுரியிலிருந்த கிறிஸ்தவர்களுக்கு எழுதிய திருமுகத்தின் எட்டாம் அதிகாரம், 24ஆம் வசனத்தின் தொடக்கம் மிகச் சிறியது. கிரேக்க மூலத்தில் சுட்டையும் இடைச்சொல்லையும் நீக்கிப் பார்த்தால் எஞ்சுபவை இரண்டே சொற்கள். ஒன்று, 'எல்பிஸ்' என்னும் பெயர். நம்பிக்கையென்று தமிழில் வழங்குவது. மற்றொன்று, 'காக்கப்பட்டோம்' எனப் பொருள்படும் இறந்தகால வினைமுற்று. கி.பி. 57ஆம் ஆண்டளவில் கொரிந்து நகரிலிருந்து எழுதப்பட்டதாக அறிஞர் கருதும் அத்திருமுகத்தின் இவ்விரு சொற்களை எவ்வாறு இணைப்பது என்பதிலேயே கிறிஸ்தவ மறை கூறும் மீட்பின் தன்மை பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

இணைக்கும் பொறுப்பு வேற்றுமை உருபினுடையது. கிரேக்க மொழியில் அவ்விடத்து எல்பிஸ் என்னும் பெயர் ஏற்றிருக்கும் உருபு ஒன்றே. ஆயின் அது தமிழின் மூன்று உருபுகளின் வேலையைச் செய்யவல்லது. இடம் நோக்கி அதற்குக் 'கு' என்றும் பொருள் கொள்ளலாம், 'ஆல்' என்றும் கொள்ளலாம், 'இல்' என்றும் கொள்ளலாம். கிரேக்கன் தெரிவு செய்யாமலே பேசிவிட்டுப் போகலாம். தமிழனுக்கு அந்த வசதி இல்லை. அவன் உருபைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். தேர்ந்தெடுத்த மாத்திரத்தில் ஒரு கொள்கையையும் தேர்ந்தெடுத்தவனாகிறான்.

1871இல் முழுமையாக வெளிவந்து, பின்னர் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் ஓதப்பட்டுவரும் பவர் குழுவினரின் மொழிபெயர்ப்பு, மூன்றாம் வேற்றுமையைத் தெரிந்துகொண்டது. அதாவது, நம்பிக்கையினாலே காக்கப்பட்டோம் என்பது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில அரசர் பதிப்பும் அவ்வாறே கருவிப்பொருள் கொண்டது. 1946இல் வெளியான ஆங்கிலத் திருத்தப் பதிப்போ ஏழாம் வேற்றுமைப் பொருளுக்கு மாறிற்று. கருவிப்பொருள் கொண்டால், நம்பிக்கை ஓடம் போன்றது. அதில் ஏறிக் கரை சேர்ந்தோம், கதை முடிந்தது. இடப்பொருள் கொண்டால், காக்கப்பட்டதென்னவோ உண்மை, ஆயின் அக்காப்பு இன்னும் நம்பிக்கை என்னும் நிலையிலேயே இருக்கிறது, கைக்கு வந்து சேரவில்லை என்றாகும். கரை சேர்ந்தவன் நிலை வேறு. கரையைக் கண்டு தண்டு வலிப்பவன் நிலை வேறு.

இவ்விரண்டனுள் எது பவுலின் கருத்து என்று முடிவு செய்யுமுன், அவர் கையாண்ட சொற்களின் பிறப்பிடத்துக்குச் செல்ல வேண்டும். அவர் எழுதியது கிரேக்கம். அவர் உள்ளத்தில் ஊறிக் கிடந்தது எபிரேய மறை.

எபிரேயத்தில் நம்பிக்கையைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று 'திக்வா'. இச்சொல்லுக்குக் கயிறு என்ற பொருளும் உண்டு. யோசுவாவின் நூலில் எரிகோ நகரத்து ராகாப் என்பவள், தன் வீட்டில் ஒளித்துவைத்துத் தப்புவித்த ஒற்றர் இருவரிடம் பெற்ற வாக்கின்படி, சன்னலிலே சிவப்பு நூற்கயிறொன்றைக் கட்டிவைக்கிறாள். நகரம் வீழ்ந்தபோது அவளும் அவள் குடும்பத்தாரும் அந்த அடையாளத்தால் உயிர் தப்பினர். அக்கயிற்றைக் குறிக்க அங்கு வருவது திக்வா என்னும் இதே சொல். பேச்சுத்திறம் வாய்ந்த போதகர்களுக்கு இதைவிட நல்ல விருந்து வேறென்ன வேண்டும்! 'நம்பிக்கை என்பது கயிறு. பிடித்துக்கொள்' என்று ஒரு மணி நேரம் முழங்கிவிடலாம். முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமாபுரிச் சபையின் பெயரால் எழுதப்பட்ட கிளமெந்துவின் திருமுகமே அக்கயிற்றின் சிவப்பை இரத்தத்தின் குறியாக விரித்துரைத்துள்ளது.

ஆயினும் இங்கே நிதானம் தேவை. 1961இல் ஜேம்ஸ் பார் என்னும் அறிஞர் விவிலிய மொழியின் சொற்பொருளியல் பற்றி எழுதிய நூல், வேர்ச்சொல்லைக் கிளறி அதிலிருந்து இறையியலைக் கறந்தெடுக்கும் வழக்கத்தைக் கடுமையாகத் தாக்கிற்று. ஒரு சொல்லின் பொருளை அதன் பிறப்பு முடிவு செய்வதில்லை. அது வழங்கும் வாக்கியமே முடிவு செய்கிறது என்பது அவர் வாதம். சரியான வாதம். தமிழில் 'கிழவன்' என்ற சொல் உரிமையாளன் என்ற பொருளில் ஒருகாலத்தில் வழங்கியது என்பதற்காக, தெருவில் தடியூன்றி வரும் முதியவரையெல்லாம் நிலக்கிழார் என்று எவரும் கொள்வதில்லை. திக்வா என்று சொல்லும்போதெல்லாம் எபிரேயன் கயிற்றை நினைத்தான் என்பதற்குச் சான்றில்லை.

எனினும் கவிஞன் ஒருவன் உறங்கும் பொருளை வேண்டுமென்றே எழுப்பிவிடக்கூடும். யோபுவின் நூல் ஏழாம் அதிகாரத்தில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. தன் நாள்கள் நெசவாளியின் நாடாவினும் விரைந்தோடித் திக்வா இன்றி முடிந்துபோகின்றன என்று யோபு அரற்றுகிறான். தறியும் நாடாவும் முன்னே நிற்க, பின்னே வரும் திக்வா நூல் தீர்ந்துபோனதையும் சொல்கிறது, நம்பிக்கை தீர்ந்துபோனதையும் சொல்கிறது. நம் இலக்கணத்தார் சிலேடை என்பர். இங்கே பொருளை எழுப்பியது வேர்ச்சொல்லன்று, பக்கத்தில் நிற்கும் தறி. பாருடைய எச்சரிக்கைக்கு இது மாறன்று, அதற்கு அரண். அதே யோபு பதினான்காம் அதிகாரத்தில், வெட்டுண்ட மரத்துக்காவது திக்வா உண்டு, நீர் வாடை பட்டால் மீண்டும் துளிர்க்கும், மனிதனுக்கு அதுவும் இல்லையே என்கிறான். கயிறு அங்கே நினைவுக்கே வருவதில்லை.

சொல்லாராய்ச்சி இம்மட்டில் நிற்க. நம்பிக்கையும் மீட்பும் ஒரே செயலில் ஒன்றுகூடுவதைக் காண விரும்புவோர் எரேமியாவின் நூல் 32ஆம் அதிகாரத்தைப் படிக்கவேண்டும். பழைய ஏற்பாட்டில் இதற்கு நிகரான பகுதி சிலவே. பலர் இதனைப் பெயர்ப் பட்டியலும் பத்திர விவரமும் நிறைந்த வறண்ட பகுதியென்று தள்ளிவிடுகின்றனர்.

சிதேக்கியா அரசனின் பத்தாம் ஆண்டு, கி.மு. 588-587 எனலாம். பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் வீழும் என்று வெளிப்படையாகச் சொன்ன குற்றத்துக்காக எரேமியா அரண்மனைக் காவல் முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். அவருடைய சிற்றப்பன் மகன் அனாமெயேல் அங்கு வந்து, ஆனதோத்தில் தனக்குள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். வறுமையுற்ற உறவினன் நிலத்தை விற்க நேர்ந்தால், அது குடும்பத்தை விட்டுப் போகாதபடி அடுத்த உறவினன் அதனை மீட்டுக்கொள்ள வேண்டுமென்பது லேவியர் நூலில் காணும் முறை. 'மீட்கும் உரிமை' என்றே எபிரேயம் அதனைச் சொல்லும். அடகு வைத்த நகையை மீட்பது என்னும் தமிழ் வழக்கு இப்பொருளுக்கு வெகு அணுக்கமானது.

வாங்கச் சொல்வது எந்த நிலத்தை? பகைவன் படை சூழ்ந்துகொண்ட பகுதியிலுள்ள நிலத்தை. வாங்குபவர் யார்? நாடு அழியும் என்று ஊரறியச் சொல்லிச் சிறைப்பட்டவர். இதைக் கேட்டு அண்டைவீட்டார் சிரித்திருப்பர். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், பத்திரம் எழுதிக் கையொப்பமிடுகிறார், சாட்சிகள் கையொப்பமிடுகின்றனர். முத்திரையிட்ட படி ஒன்று, திறந்த படி ஒன்று. இரண்டையும் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாதிருக்கும் பொருட்டு ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இத்தகைய இரட்டைப் பத்திர முறை கற்பனையன்று. 1961இல் சாக்கடல் அருகே குகையொன்றில் கிடைத்த பாபத்தா என்னும் பெண்ணின் பத்திரக் கட்டிலும் உள்ளே சுருட்டிக் கட்டிய படியும் வெளியே படிக்கத்தக்க படியும் கொண்ட ஆவணங்கள் இருந்தன, அவை கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

இந்நாட்டில் வீடுகளும் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் மறுபடி விலைக்கு வாங்கப்படும் என்பதே இச்செயலுக்கு எரேமியா கூறும் பொருள். நோக்குக: விண்ணுலகைப் பற்றிய பேச்சில்லை, ஆன்மாவைப் பற்றிய பேச்சுமில்லை. சந்தையிலே நிலம் மறுபடி விலைபோகும் என்பதே நற்செய்தி. இதற்கு அடுத்த பகுதிதான் இன்னும் வியப்பானது. பத்திரத்தைக் கொடுத்து முடித்த பின் எரேமியா தனித்திருந்து இறைவனிடம் முறையிடுகிறார். நகரம் பகைவன் கையில் விழுந்துகொண்டிருக்கையில் நிலத்தை வாங்கச் சொன்னதென்ன என்று கேட்கும் அம்முறையீட்டில் திகைப்பு மிகுந்திருக்கிறது. கையொப்பமிடும்போது அவருக்குத் தெளிவு இருந்ததாகத் தெரியவில்லை. கையொப்பம் முந்தியது, தெளிவு பிந்தியது. நம்பிக்கை என்பது மனத்திலே எழும் இன்ப உணர்ச்சி என்று கருதுவோர்க்கு இவ்வதிகாரம் இடையூறாகவே இருக்கும்.

நகரம் எரேமியா சொன்னபடியே வீழ்ந்தது. அந்த இடிபாட்டினின்று எழுந்த ஐந்து பாடல்களே புலம்பல் என்னும் நூல். அவற்றுள் நான்கு, எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளை முறையே முதலெழுத்தாகக் கொண்டு அமைந்தவை. ஆத்திசூடி படித்த தமிழ்ப் பிள்ளைக்கு இந்த அமைப்பு எளிதில் விளங்கும். நடுநாயகமாகிய மூன்றாம் பாடலில் எழுத்தொன்றுக்கு மூன்று அடியாக 66 வசனங்கள். அதன் 18ஆம் வசனத்தில் பேசுபவன் தன் நம்பிக்கை அழிந்தது என்று திட்டமாகச் சொல்கிறான். 21ஆம் வசனத்தில் நம்பியிருப்பேன் என்கிறான். முன்னது ஆறாம் எழுத்துக்குரிய மூன்றனுள் கடைசி. பின்னது ஏழாம் எழுத்துக்குரிய மூன்றனுள் கடைசி. இவ்விரண்டுக்குமிடையே நடந்ததென்ன? ஒன்றும் நடக்கவில்லை. படை விலகவில்லை, மதில் எழவில்லை, உணவும் வரவில்லை. அவன் நினைவுகூர்ந்தான், அவ்வளவே. முதலில் தன் துன்பத்தையே நினைவுகூர்ந்தான். பின்னர் இறைவனின் இரக்கம் காலைதோறும் புதிதாவதை நினைவுகூர்ந்தான். எழுத்து மாறிற்று, அடுத்த எழுத்தில் பேசவேண்டிய கட்டாயம் அவனை முன்னே தள்ளிற்று என்றுகூடச் சொல்லலாம்.

இவ்விடத்தோடு நூலை மூடிவிடுவது மேடைப் பேச்சாளர் வழக்கம். ஆனால் பாடல் அங்கு முடியவில்லை. 29ஆம் வசனத்தில் திக்வா வருகிறது. அதன் முன்னே 'ஒருவேளை' என்ற சொல்லும் வருகிறது. வாயை மண்ணிலே புதைத்தவனுக்கு ஒருவேளை நம்பிக்கை இருக்கலாமாம். 44ஆம் வசனத்தில், வேண்டுதல் நுழையாதபடி இறைவன் மேகத்தால் தம்மை மூடிக்கொண்டார் என்று மறுபடி முறையிடுகிறான். ஐந்தாம் பாடலின் கடைசி வசனமோ, இறைவன் எங்களை அடியோடு தள்ளிவிட்டாரோ என்னும் ஐயத்தில் நிற்கிறது. அந்த ஐயத்தோடு எழுந்து செல்ல மனமின்றி, யூதர்கள் ஆலய அழிவின் நினைவு நாளில் இந்நூலை ஓதும்போது கடைசி வசனத்துக்குப் பின் அதற்கு முந்திய வேண்டுதலை மறுபடியும் ஓதி முடிக்கின்றனர். நூலாசிரியன் ஐயத்தை அழித்தெழுதவில்லை. ஓதுவோரும் அதனை நீக்கிவிடவில்லை. ஐயத்தையும் வைத்துக்கொண்டு வேண்டுதலையும் வைத்துக்கொண்டனர்.

இனி மீட்பு. எபிரேயத்தில் அதற்குரிய முதன்மையான சொல் 'யெசுவா'. செங்கடலின் முன் பார்வோனின் தேர்ப்படையைக் கண்டு அஞ்சிய மக்களை நோக்கி, இன்று ஆண்டவர் செய்யும் யெசுவாவைக் காணுங்கள் என்ற பொருள்பட மோசே பேசுகிறார். அங்கே அச்சொல்லுக்கு உயிர் தப்புதல் என்பதே பொருள். நியாயாதிபதிகள் நூலில் ஒத்னியேலும் இடக்கையனான ஏகூதும், மக்களை ஒடுக்கியோரிடமிருந்து விடுவித்த காரணத்தால் இவ்வேரிலிருந்து பிறந்த 'மீட்பர்' என்னும் பெயரைப் பெறுகின்றனர். யோசுவா என்ற பெயரும் இயேசு என்ற பெயரும் இதே வேரின. மத்தேயு நற்செய்தி முதல் அதிகாரத்தில் இயேசுவின் பெயருக்கு விளக்கம் தரும்போது, ஒடுக்கும் அரசன் இருந்த இடத்தில் பாவத்தை வைக்கிறது. இது சொல்லின் பொருளைப் புதுத்திசையில் திருப்பிய இடம். ஆனால் பழம்பொருள் மறைந்துவிட்டதாகக் கொள்வது தவறு.

ஏனெனில் நற்செய்தி நூல்களில் வரும் கிரேக்க வினையாகிய 'சோட்சோ', பிணி தீர்ப்பதற்கும் பாவம் போக்குவதற்கும் ஒன்றுபோல் வழங்குகிறது. பன்னிரண்டு ஆண்டு உதிரப்பெருக்கால் வருந்திய பெண்ணுக்கும், எரிகோவின் சாலையோரக் குருடனாகிய பர்த்திமேயுவுக்கும், குணமடைந்து திரும்பி வந்த சமாரியத் தொழுநோயாளிக்கும், பரிசேயன் வீட்டில் கண்ணீரால் இயேசுவின் பாதத்தை நனைத்த பெண்ணுக்கும் அவர் சொல்லும் விடை மூலத்தில் ஒரே தொடர்தான். ஆங்கில அரசர் பதிப்பு கண்ணீர் விட்ட பெண்ணுக்கு ஒரு சொல்லும் நோயாளிகளுக்கு வேறொரு சொல்லும் வைத்து ஒரே தொடரை இரண்டாக்கிற்று. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி வெளியிட்ட தமிழ்த் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பும் நோய் தீர்ந்த இடங்களில் குணம், நலம் என்னும் சொற்களையும், பாவம் தீர்ந்த இடத்தில் மீட்பையும் வழங்குகிறது. படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆயினும் உடலுக்கொரு நன்மை, உயிருக்கொரு நன்மை என்று பங்கு பிரிக்கும் வேலை மூலத்தில் இல்லை. பவர் குழுவினர் எல்லா இடங்களிலும் 'இரட்சித்தது' என்றே எழுதினர். அவர்கள் தமிழைப் பழிப்போர் பலர். வடமொழி மிகுதியென்பது ஒரு குறை, வாக்கியம் முடமென்பது மற்றொரு குறை. இவ்விடத்தில் மட்டும் அவர்கள் காட்டிய பிடிவாதத்துக்கு நன்றி சொல்லவே வேண்டும். இரட்சிப்பு என்பதற்குக் காத்தல் என்பதே வடமொழிப் பொருள்; நோயிலிருந்தும் காக்கலாம், பழியிலிருந்தும் காக்கலாம்.

பிற்காலத்துப் பிரசங்க வழக்கோ அச்சொல்லைச் சுருக்கிவிட்டது. 'இரட்சிக்கப்பட்டவர்' என்றால் இன்ன தேதியில் இன்ன கூட்டத்தில் மனந்திரும்பியவர் என்றொரு பொருள் நிலைத்துவிட்டது. அத்தகைய அனுபவம் மெய்யானதே எனினும், மறைநூலின் பரந்த சொல்லொன்று நாட்காட்டியின் ஒரு கட்டத்துக்குள் அடங்கிப்போனதை இழப்பென்றே கொள்ளல் வேண்டும்.

நம்பிக்கையின் நிலை நற்செய்தி நூல்களில் மேலும் விந்தையானது. எல்பிஸ் என்னும் பெயர்ச்சொல் நான்கு நற்செய்தி நூல்களிலும் ஓரிடத்திலேனும் இல்லை! அதன் வினை மட்டும் ஐந்து இடங்களில் வருகிறது. கொடுத்த கடன் திரும்புமென்று எதிர்பார்ப்பதற்கு ஓரிடம்; அற்புதம் காணலாமென்று ஏரோது எதிர்பார்த்ததற்கு ஓரிடம். இவை போன்றவை அன்றாடப் பேச்சே. உள்ளத்தைத் தொடும் இடம் லூக்கா நற்செய்தியின் கடைசி அதிகாரம். சிலுவை நிகழ்ச்சிக்குப் பின் எம்மாவு ஊருக்கு நடந்துசெல்லும் சீடர் இருவர், வழியில் உடன் வந்த அந்நியரிடம் இசுரவேலை மீட்பவர் அவரே என்று தாங்கள் நம்பியிருந்ததைச் சொல்கின்றனர். வினை இறந்தகாலத்தில் நிற்கிறது. மீட்பும் நம்பிக்கையும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கின்றன. சந்தித்தபோது இரண்டும் செத்துக் கிடக்கின்றன. அந்த அந்நியர் யார் என்பது படிப்போர்க்குத் தெரியும், பேசுவோர்க்குத் தெரியாது. நாடகக் கலையில் வல்லார் இதனினும் நன்றாக அமைத்தல் அரிது.

பெயர்ச்சொல்லைச் செல்வமாக வழங்கியவர் பவுல். அதை அவர் வெறுங்கையோடு பெறவில்லை. பண்டைக் கிரேக்கரிடம் எல்பிஸ் நன்மை தீமை இரண்டுக்கும் பொதுவான எதிர்பார்ப்பு. எசியோது பாடிய பண்டோராவின் சாடியிலே பிற துன்பங்களெல்லாம் பறந்தோட உள்ளே தங்கிவிட்டது எல்பிஸ். அது மனிதனுக்கு ஆறுதலாகத் தங்கிற்றா, இன்னுமொரு துன்பமாகத் தங்கிற்றா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். துசிதிடீசின் வரலாற்றில் ஆதென்சுத் தூதர் மேலோசுத் தீவினரிடம், நம்பிக்கையை நம்பிக் கெடாதீர் என்று ஏளனமாக அறிவுரை கூறுகின்றனர். இந்த ஐயத்துக்குரிய சொல்லை எபிரேய மறையைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் எடுத்து, இறைவனிடம் அடைக்கலம் புகுதலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்குப் பலவிடங்களில் ஈடாக வைத்தனர். அதனால் சொல்லின் நிறமே மாறிற்று.

இங்கே தமிழின் செய்தியொன்று உண்டு. விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பவர் குழுவினர் வரிசைப்படுத்திய மூன்றும், பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்றாயின. இரண்டாம் இருக்கையிலிருந்த நம்பிக்கை முதல் இருக்கைக்குப் போய்விட்டது. இரு பதிப்புகளையும் கையில் வைத்துப் படிக்கும் இளைஞன் குழம்பாதிருப்பானா? மாற்றத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. விசுவாசம் என்னும் வடசொல் பொதுமக்கள் பேச்சில் நாய்க்கும் வேலைக்காரனுக்கும் உரியதாகிவிட்டது. ஆயின் 'எதிர்நோக்கு' நிறைவு தரவில்லை. பஞ்சத்தை எதிர்நோக்குகிறோம், வேலையிழப்பை எதிர்நோக்குகிறோம் என்று செய்தித்தாள்கள் நாள்தோறும் எழுதுகின்றன. எசியோதுவின் எல்பிசுக்கு அது மிகப் பொருத்தம். பவுலின் எல்பிசுக்குக் குளிர்ந்த சொல். 'நம்பு' என்னும் சொல்லோ நசை, அதாவது விருப்பம் என்னும் பொருளில் வருமெனத் தொல்காப்பிய உரியியல் கூறுகிறது. விரும்பிக் காத்திருத்தலுக்கு நம்பிக்கையே ஏற்றதென்று இதனைக் காட்டி வாதிடலாம். வாதிடுவோர் பாருடைய எச்சரிக்கை தமிழுக்கும் பொருந்துமென்பதை மறவாதிருப்பாராக. வேர் துணை நிற்கலாம். தீர்ப்பு வழக்கின் கையில்.

மீண்டும் பவுலிடம் வருவோம். அவர் எழுதியவற்றுள் மிகப் பழையதெனக் கருதப்படும், கி.பி. 50ஆம் ஆண்டளவினதாகிய தெசலோனிக்கேயர் முதல் திருமுகத்தில், போர்க்கோலம் பூண்ட உருவகம் ஒன்று வருகிறது. அதன் மூலம் எசாயா 59ஆம் அதிகாரம். எசாயாவில் இறைவன் தலையில் அணிவது மீட்பு என்னும் தலைச்சீரா. பவுல் அதனை எடுத்து மனிதன் தலையில் வைக்கும்போது ஒரு சொல்லை நடுவில் செருகுகிறார். மீட்பின் நம்பிக்கையே தலைச்சீரா என்கிறார். இறைவன் அணிவது மீட்பு. மனிதன் அணிய இயல்வது அம்மீட்பின் நம்பிக்கை. பின்னர் எழுந்த எபேசியர் திருமுகத்தில் அச்செருகல் இல்லை. மனிதனே மீட்பை அணிகிறான். அத்திருமுகம் பவுலின் கைப்பட எழுந்ததன்று என்று பல அறிஞர் கொள்வர். அவர்கள் காட்டும் காரணங்களுள் ஒன்று, அங்கு மீட்பு முற்றுப்பெற்ற செயலாகப் பேசப்படுவது. உரோமையர் திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தில் மீட்கப்படுவோம் என்று எதிர்காலம் வருகிறது. கொரிந்தியர் முதல் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் மீட்கப்பட்டுக்கொண்டிருப்போர் என்று நிகழ்காலம் வருகிறது. பவுலுக்கு மீட்பு முக்காலத்தது.

முக்காலத்ததை நம்பிக்கையென்னும் ஓடத்தில் ஏற்றிக் கரை சேர்த்துவிட முடியாது. எட்டாம் அதிகாரத்தின் சூழலும் அதையே காட்டுகிறது. 24ஆம் வசனத்துக்கு முன்னே படைப்பனைத்தும் பேறுகால வேதனையில் முனகுகிறது. மீட்புக்குக் காத்திருப்பது ஆன்மா மட்டுமன்று, உடலும் காத்திருக்கிறது. பின்னே, கண்ணால் காண்பதை எவனும் நம்பிக் காத்திருப்பதில்லை என்னும் விளக்கம். முன்னும் பின்னும் காத்திருப்பையே பேச, நடுவே மட்டும் கரை சேர்ந்த கதையைச் சொல்வது பொருந்தாது. ஆகவே 'ஆல்' உருபினும் 'இல்' உருபே மூலத்துக்கு இசைந்தது என்று துணியலாம். வினைமுற்று இறந்தகாலத்தில் நிற்பதும் மறுக்கமுடியாதது, ஒன்று நிகழ்ந்துவிட்டது. நிகழ்ந்தது காத்திருப்போராக ஆக்கியது.

இக்கால அறிஞருள் இச்செய்தியை முழங்கச் சொன்னவர் செருமானியராகிய யூர்கன் மோல்ட்மன். இரண்டாம் உலகப் போரில் 1945இல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, 1948வரை முகாம்களில் கிடந்து, அங்கே கைக்குக் கிடைத்த விவிலியத்தின் புலம்பற் பாடல்களில் தம்மைக் கண்டவர் அவர். 1964இல் வெளிவந்த அவருடைய 'நம்பிக்கையின் இறையியல்' எதிர்காலத்தை இறையியலின் கடைசி அதிகாரத்திலிருந்து முதல் அதிகாரத்துக்குக் கொண்டுவந்தது. அவர் 2024இல் மறைந்தார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007 நவம்பர் 30ஆம் நாள் வெளியிட்ட சுற்றுமடல் தன் பெயரையே உரோமையர் 8:24இன் இலத்தீன் சொற்களிலிருந்து பெற்றது. அதில் எபிரேயர் திருமுகம் 11ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலுள்ள 'உபோஸ்தாசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லைப் பற்றி ஒரு வழக்கு இருக்கிறது. லூத்தர் அதனை மனிதனின் உள்ளத்து நிலைப்பாடாகக் கொண்டார். பெனடிக்ட் அதனை மறுத்து, இனி வரவிருப்பதன் மெய்ப்பொருள் இப்போதே உள்ளே வந்துவிட்டது என்றார்.

இவ்விருவர் வழக்கினும் சுவையானது மூல்டன், மில்லிகன் என்னும் இருவர் 1914 முதல் 1929 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட சொற்களஞ்சியத்தில் கூறியது. எகிப்திய மணலில் கிடைத்த நாணற்றாள் ஆவணங்களில் உபோஸ்தாசிஸ் என்னும் சொல் சொத்துரிமையைக் காட்டும் பத்திரங்களைச் சார்ந்து வழங்குவதைக் கண்ட அவர்கள், விசுவாசம் என்பது நம்பியிருப்பவற்றுக்குரிய நிலப்பத்திரம் என்று அவ்வசனத்தைப் பெயர்க்கலாமே என்றனர். எல்லாரும் இதனை ஏற்கவில்லை. ஆயினும் எரேமியாவின் மண்பாண்டத்தை நினைப்போர்க்கு இப்பொருள் அயலாகத் தோன்றாது. தமிழ்ப் பதிப்புகள் இரண்டும், பவர் குழுவினரதும் பொது மொழிபெயர்ப்பும், அவ்விடத்தில் 'உறுதி' என்றே எழுதின. மன உறுதி என்ற கருத்தில்தான் எழுதியிருப்பர். யாழ்ப்பாணத்தாரிடம் கேட்டால், காணி வாங்கியவன் பெட்டியில் பூட்டிவைக்கும் பத்திரத்துக்குப் பெயரே உறுதி என்பர்.